ஒரு பைசா எங்கே போனது? நிரல் எழுதுவோர் கேள்வி – பதில்

இந்த மாதம் வந்த கேள்விகள் பெரும்பாலும் பைதான் நிரல்மொழி பற்றியவை. படிக்க எளிதாக இருக்கட்டும் என்று நிரல்துண்டுகளைத் தமிழ்ச் சொற்களிலேயே கொடுத்திருக்கிறோம். பதிப்பி என்றால் பிரிண்ட், நிரல்பாகம் என்றால் டெஃப், பின்கொடு என்றால் ரிட்டர்ன், ஆனால் என்றால் இஃப், இல்லை என்றால் எல்ஸ், வரை என்றால் வைல். இவை முத்து அண்ணாமலை உருவாக்கிய எழில் நிரல்மொழியில் புழங்கும் சொற்கள். மற்றவை பெயரைப் படித்தாலே புரியும். அம்புக்குறிக்குப் பின்னால் இருப்பது பைதான் 3 தரும் விடை. எதுவும் பத்து வரியைத் தாண்டாது. தட்டி, ஓட்டிப் பார்த்துவிட்டு மேலே படியுங்கள்.


கேள்வி: எங்கள் ஹார்டுவேர் கடைக்கு நானே பைதானில் பில் போடும் நிரல் எழுதியிருக்கிறேன். ஆடிட்டர் கணக்கோடு ஒப்பிட்டால் சில பில்களில் 1 பைசா இடிக்கிறது. 10.50, 250.75 என்றெல்லாம் போட்டுச் சோதித்தபோது சரியாகத்தான் வந்தது. எங்கே தவறு?
— கடைக்காரர், விருதுநகர்

பதில்: உங்கள் சோதனையில் பிழை ஒளிந்துகொள்ள வசதியான எண்களாகவே எடுத்துவிட்டீர்கள். இதை ஓட்டிப் பாருங்கள்:

பதிப்பி 0.1 + 0.2 → 0.30000000000000004
பதிப்பி 19.99 * 100 → 1998.9999999999998
பதிப்பி முழுஎண்(19.99 * 100) → 1998

மூன்றில் ஒன்றை நாம் 0.333 என்று எழுதினால் எங்காவது நிறுத்தித்தானே ஆக வேண்டும்? கணினிக்குப் பத்தில் ஒன்று அப்படிப்பட்டது. அது எண்களை இரண்டின் அடுக்குகளாக வைத்துக்கொள்கிறது: அரை, கால், அரைக்கால், மாகாணி என்று பாதி பாதியாக இறங்கும் கணக்கு. அந்தப் பின்னங்களை எத்தனை கூட்டினாலும் பத்தில் ஒன்று சரியாக வராது. ஃப்ளோட் (புள்ளி வைத்த எண்) வகைக்கு 53 பிட் துல்லியம்தான் உண்டு, அதற்குள் அடங்கும் மிக நெருங்கிய எண்ணை வைத்துக்கொள்கிறது. நீங்கள் சோதித்த 0.50 அரை, 0.75 முக்கால். இரண்டும் பிசிறில்லாமல் அடங்கும். அதனால்தான் எல்லாம் சரி என்று தோன்றியது. பண நிரலைச் சோதிக்க 19.99, 4.35, 0.10 போன்றவற்றைப் போடுங்கள்.

தீர்வு எளிது: பணத்தைப் பைசாவில் முழு எண்ணாக வைத்துக்கொள்ளுங்கள். திரையில் காட்டும்போது மட்டும் ரூபாயாக்குங்கள். "19.99" என்று உள்ளே வரும் எழுத்தை ஃப்ளோட்டாக்கி நூறால் பெருக்கினால் மேலே பார்த்த அதே 1998-தான் கிடைக்கும். புள்ளியில் பிரித்து, இடப்பக்கத்தை நூறால் பெருக்கி, வலப்பக்கத்தைக் கூட்டுங்கள். இங்கே ஒரு குழி இருக்கிறது. "19.9" என்று யாராவது தட்டினால் வலப்பக்கம் 9 என்று வரும், அது 90 பைசா, 9 பைசா அல்ல. கூட்டும் முன் வலப்பக்கத்தை இரண்டு இலக்கமாக, பின்னால் பூஜ்யம் சேர்த்து நீட்டிக்கொள்ளுங்கள்.

இனி வரி. அரை பைசாவும் அதற்கு மேலும் வந்தால் அடுத்த பைசாவுக்கு ஏற்றுவது என்று வைத்துக்கொள்வோம் (// என்றால் வகுத்து முழு எண்ணை மட்டும் எடுப்பது):

நிரல்பாகம் வரி(பைசா, விகிதம்)
    பின்கொடு (பைசா * விகிதம் + 50) // 100
முடி

பதிப்பி வரி(10050, 18) → 1809
பதிப்பி வரி(10050, 9) * 2 → 1810

பொருளின் விலை 100.50 ரூபாய், ஜிஎஸ்டி 18 சதவீதம். மொத்தமாகக் கணக்கிட்டால் வரி 18.09. மத்திய ஜிஎஸ்டி 9, மாநில ஜிஎஸ்டி 9 என்று பிரித்துக் கணக்கிட்டால் ஒவ்வொன்றும் 904.5 பைசா, ஏற்றினால் 905, இரண்டும் சேர்ந்து 18.10. உங்களுக்கும் ஆடிட்டருக்கும் இடிக்கும் பைசா பெரும்பாலும் இங்கேதான் இருக்கும். பில்லில் இரண்டு வரியும் தனித்தனியாக அச்சாவதால் தனித்தனியாகக் கணக்கிட்டு, அந்த இரண்டையும் கூட்டுவதே நல்லது. அப்போதுதான் வாடிக்கையாளர் பில்லைக் கையால் கூட்டினாலும் இடிக்காது. 5 சதவீதப் பொருளுக்குப் பாதி 2.5 என்று மறுபடியும் ஃப்ளோட் எட்டிப் பார்க்கும். ஆகவே விகிதத்தையும் நூறு மடங்காக, 250 என்று வைத்து, 5000 கூட்டி, 10000-ஆல் வகுங்கள்.

இன்னொன்று, இதைப் பலரும் தவறவிடுகிறார்கள். பொருள் திரும்பி வந்தால் கழித்தல் குறியோடு அதே நிரல்பாகத்தை அழைக்கிறோம்:

பதிப்பி வரி(10050, 9) → 905
பதிப்பி வரி(-10050, 9) → -904

விற்றபோது 905, திரும்பியபோது 904. அதே பொருள் போய் வந்ததில் 1 பைசா தொங்கி நிற்கிறது. நாம் கூட்டும் 50 கழித்தல் எண்ணைப் பூஜ்யத்தை நோக்கித் தள்ளுகிறது: -90450 என்பது -90400 ஆகி, நூறால் சரியாக வகுபடுகிறது. சரியாக வகுபடாத எண்களில் மொழிக்கு மொழி விடையும் மாறும். பைதானின் // எப்போதும் கீழ்நோக்கி இறங்கும். கழித்தல் எண்களுக்குக் கீழ் என்றால் பூஜ்யத்தை விட்டு விலகும் திசை. ஜாவாவின் வகுத்தல் பூஜ்யத்தை நோக்கி வெட்டும். அதனால் இதே சூத்திரத்தை ஜாவாவில் எழுதினால், சரியாக வகுபடும் இந்த எண்ணுக்கு -904-தான் வரும், வேறு சில எண்களுக்கு விடை மாறிப்போகும். எந்த மொழியானாலும் குறியை எடுத்துவிட்டு வரியைக் கணக்கிட்டு, கடைசியில் குறியைப் போடுங்கள்.

ரவுண்ட் இருக்கிறதே என்று கேட்கலாம். ரவுண்ட்(2.5) → 2, ரவுண்ட்(3.5) → 4. சரிபாதியில் நின்றால் பைதான் 3 அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குப் போகும். அது பிழையல்ல, தெரிந்தே எடுத்த முடிவு. ஆனால் உங்கள் ஆடிட்டர் அப்படிக் கணக்கிடுவதில்லை. பத்தின் அடுக்குகளிலேயே எண்ணை வைக்கும் டெசிமல் வகையும் பயன்படும். அதில் டெசிமல்("19.99") என்று மேற்கோளுக்குள் கொடுக்க வேண்டும், டெசிமல்(19.99) என்றால் ஏற்கெனவே பிசிறிய எண்ணைத்தான் துல்லியமாகச் சேமித்துத் தரும்.


கேள்வி: முன்பின் வாசித்தாலும் ஒன்றாக வரும் சொல்லைக் கண்டுபிடிக்கும் நிரல் எழுதினேன். ஆங்கிலச் சொற்களுக்குச் சரியாக வருகிறது. "விகடகவி" என்று கொடுத்தால் "இல்லை" என்கிறது. சொல்லின் நீளம் கேட்டால் 7 என்கிறது. எனக்குத் தெரிந்து அதில் ஐந்து எழுத்துதான்.
— கல்லூரி மாணவி, காரைக்குடி

பதில்: நீங்கள் எண்ணியதுதான் சரி. கணினி எண்ணுவது எழுத்தை அல்ல, யூனிகோடு குறிகளை. யூனிகோடு என்பது ஒவ்வொரு குறிக்கும் ஓர் எண் தரும் பொது முறை. "வி" நமக்கு ஓர் எழுத்து. அதற்கோ வ (2997), அதன் பின்னால் இகரக் கொக்கி (3007) என்று இரண்டு குறி. விகடகவியில் "வி" இரண்டு முறை வருவதால் 5 எழுத்து 7 குறியாகிறது. அந்தக் குறிகளைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் உள்ள கோப்பில் ஒவ்வொரு தமிழ்க் குறிக்கும் 3 பைட், ஆக 21 பைட். நீளம் என்ன என்று கேட்டால் 5, 7, 21 மூன்றுமே ஒரு வகையில் சரியான விடைகள். எது வேண்டும் என்பதை நாம்தான் தீர்மானிக்க வேண்டும்.

குறிகளைத் திருப்பிப் போட்டால் முதலில் ஒரு கொக்கி தனியாக நிற்கும், பிறகு வ, பிறகு க, ட, அதற்குப் பிறகு வரும் க-வின் மேல் இன்னொரு கொக்கி போய் உட்கார்ந்து "கி" ஆகிவிடும். "தமிழ்" என்பதைத் திருப்பினால் "ழ்மித" வர வேண்டிய இடத்தில் தனிப் புள்ளியும் "ழிமத"வும் வருவதும் இதனால்தான். முதலில் எழுத்தாகப் பிரித்துக்கொள்ளுங்கள்:

நிரல்பாகம் எழுத்துகள்(சொல்)
    விடை = []
    சொல்லில் உள்ள ஒவ்வொரு குறிக்கும்
        எ = குறியெண்(குறி)
        @((3006 <= எ <= 3021 அல்லது எ == 3031) மற்றும் விடை != []) ஆனால்
            விடை[-1] = விடை[-1] + குறி
        இல்லை
            விடை.இணை(குறி)
    பின்கொடு விடை

3006 முதல் 3021 வரை துணைக்கால் தொடங்கி மெய்ப்புள்ளி முடிய உள்ள உயிர்க்குறிகள். 3031 ஔகாரத்தின் வலப்பக்கத் துண்டு. இவை வந்தால் முந்தைய எழுத்தோடு ஒட்டு, இல்லையென்றால் புதிய எழுத்து. "விடை != []" என்ற சோதனையை விட்டுவிடாதீர்கள். எங்கிருந்தோ வெட்டி ஒட்டிய எழுத்தில் முதல் குறியே கொக்கியாக இருந்தால், காலி லிஸ்டின் கடைசி உறுப்பைத் தேடிப்போய் நிரல் நின்றுவிடும். இப்போது எழுத்துகள்("விகடகவி") → ["வி", "க", "ட", "க", "வி"]. இந்த லிஸ்டைத் திருப்பி ஒப்பிட்டால் சரியான பதில் வரும். கையால் எழுத வேண்டாம் என்றால் ஓபன்-தமிழ் என்ற பைதான் தொகுப்பில் இந்த வேலைக்கான நிரல்பாகம் தயாராக இருக்கிறது. ஆனாலும் ஒருமுறை நீங்களே எழுதிப் பாருங்கள், தமிழை வைத்து வேலை செய்யும் எவருக்கும் இது அடிப்படை.

இதோடு இன்னொரு சிக்கலையும் சொல்லிவிட வேண்டும். "கொடி" என்ற சொல்லைத் தேடினால் கண்முன்னே இருந்தும் கிடைக்காது. காரணம், "கொ" இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம்: க-வும் ஒகரக் குறியும் (2965, 3018) அல்லது க, ஒற்றைக்கொம்பு, கால் (2965, 3014, 3006). திரையில் மயிரிழை வித்தியாசம் தெரியாது. == போட்டால் பொய் என்று வரும். உள்ளே வரும் எல்லா எழுத்தையும் என்எஃப்சி வடிவத்துக்கு (துண்டுகளைச் சேர்த்து ஒரே குறியாக்கும் யூனிகோடு வடிவம்) மாற்றிவிட்டுச் சேமியுங்கள். இரண்டும் 3018-ஆக ஒன்றுபடும். பைதானில் யூனிகோடுடேட்டா தொகுப்பில் இருக்கும் நார்மலைஸ் அதைச் செய்யும். தேடும் சொல்லையும் அப்படியே மாற்ற வேண்டும், சேமித்ததை மட்டும் மாற்றினால் போதாது.

என்எஃப்சி சரிசெய்யாத ஒன்றும் உண்டு. ஔகாரக் குறிக்குப் பதில் ஒற்றைக்கொம்பும் ளகரமும் போட்டு "கெளரி" என்று தட்டுபவர்கள் ஏராளம். பார்க்க "கௌரி" போலவே இருக்கும், ஆனால் அது வேறு எழுத்துகளால் ஆன வேறு சொல். நிரலால் கண்ணை மூடிக்கொண்டு மாற்றவும் முடியாது, "வெள்ளம்" சொல்லிலும் கொம்பும் ளகரமும் பக்கத்தில் பக்கத்தில்தான் வருகின்றன. பெயர்ப் பட்டியலில் தேடும்போது இரண்டு வடிவத்தையும் சேர்த்துத் தேட வேண்டியதுதான்.

எழுத்துக் கோலங்களை வைத்துத் தேடும் ரெஜெக்ஸிலும் கவனம் வேண்டும். சொல்லைப் பிடிக்க எல்லோரும் போடும் பின்சாய்கோடு-டபிள்யூ, பைதானோடு வரும் தொகுப்பில் உயிர்க்குறிகளைச் சொல்லின் பகுதியாக ஏற்பதில்லை. "தமிழ்" என்று கொடுத்தால் "தம", "ழ" என்று இரண்டு துண்டு கையில் வரும். சொல் எண்ணிக்கை எடுக்கும் நிரல்கள் தமிழில் கன்னாபின்னாவென்று எண்ணுவதற்கு இது ஒரு பெரிய காரணம். இடைவெளியில் பிரித்துவிட்டு ஓரத்து நிறுத்தக்குறிகளை நீக்குவது பாதுகாப்பான வழி.


கேள்வி: 1 முதல் 100 வரை அச்சிடச் சொன்னால் 99-இல் நிற்கிறது. ஏன் இப்படி வைத்தார்கள்?
— பத்தாம் வகுப்பு மாணவர், மன்னார்குடி

பதில்: ரேஞ்ச்(1, 100) என்றால் 1-இல் தொடங்கி 100-க்கு முன்னால் நிறுத்து என்று பொருள். 101 என்று கொடுங்கள். இப்படி வைத்ததில் ஒரு வசதி உண்டு: ரேஞ்ச்(0, 40), ரேஞ்ச்(40, 100) என்று இரண்டு துண்டாகப் பிரித்தால் எதுவும் இரட்டிக்காது, எதுவும் விடுபடாது. துண்டின் அளவும் கழித்தாலே வந்துவிடும். நாள் கணக்கில்தான் இது காலை வாரும். மார்ச் 1 முதல் 15 வரை விடுப்பு என்றால் 15 நாள். இரண்டு தேதிகளையும் கழித்தால் 14 வரும். இரு முனையும் சேரும் கணக்கில் ஒன்று கூட்ட வேண்டும்.


கேள்வி: மாணவர்களின் மதிப்பெண்ணைச் சேர்க்க ஒரு ஃபங்ஷன் எழுதினேன். முதல் மாணவருக்குச் சரி. இரண்டாவது மாணவரின் பட்டியலில் முதல் மாணவரின் மதிப்பெண்ணும் வந்து நிற்கிறது. பட்டியல் காலி என்று தெளிவாகத்தானே எழுதியிருக்கிறேன்?
— ஆசிரியை, நாமக்கல்

பதில்: நீங்கள் அனுப்பிய நிரலைச் சுருக்கினால் இவ்வளவுதான்:

நிரல்பாகம் சேர்(மதிப்பெண், பட்டியல் = [])
    பட்டியல்.இணை(மதிப்பெண்)
    பின்கொடு பட்டியல்
முடி

பதிப்பி சேர்(78) → [78]
பதிப்பி சேர்(91) → [78, 91]

அந்தக் காலி லிஸ்ட் ஒவ்வொரு அழைப்புக்கும் புதிதாகப் பிறப்பதில்லை. பைதான் முதல் வரியைப் படிக்கும்போது ஒரே ஒருமுறை உருவாகிறது. பிறகு வரும் எல்லா அழைப்பும் அதே லிஸ்டில்தான் கொட்டுகின்றன. பட்டியல் = நன் (பைதானில் "எதுவும் இல்லை" என்பதைக் குறிக்கும் None) என்று வைத்து, உள்ளே முதல் வரியாக, அது நன் என்றால் புதிய [] ஒன்றை எடுத்துக்கொள் என்று எழுதுங்கள். எண், எழுத்துச்சரம் போன்றவற்றை இயல்பு மதிப்பாக வைப்பதில் இந்தத் தொல்லை இல்லை, அவற்றை உள்ளேயே மாற்ற முடியாது.

இதற்குத் தம்பி ஒருவன் இருக்கிறான். 3×3 கட்டம் தயாரிக்கப் பலரும் இப்படி எழுதுகிறார்கள்:

வரிசை = [0, 0, 0]
கட்டம் = [வரிசை] * 3
கட்டம்[0][0] = 1
பதிப்பி கட்டம் → [[1, 0, 0], [1, 0, 0], [1, 0, 0]]

மூன்று வரிசை இல்லை. ஒரே வரிசைக்கு மூன்று பெயர். லூப் போட்டு, ஒவ்வொரு சுற்றிலும் [0, 0, 0] என்று புதிதாக எழுதிச் சேர்த்தால்தான் மூன்றும் தனித்தனி. ஏற்கெனவே உள்ள கட்டத்தை நகலெடுக்கும்போதும், சாதாரண காப்பி வெளி லிஸ்டை மட்டுமே புதிதாக்கும். உள்ளே இருக்கும் வரிசைகள் பழையவைதான். அதற்கு டீப்காப்பி வேண்டும்.

தனியாக ஓட்டினால் தேறும் சோதனை, மற்ற சோதனைகளோடு சேர்த்து ஓட்டினால் தோற்கிறதா? முதலில் இந்த மாதிரி பகிர்ந்துகொள்ளப்படும் லிஸ்ட் எங்காவது இருக்கிறதா என்று தேடுங்கள்.


கேள்வி: பைனரி சர்ச் (வரிசைப்படுத்திய லிஸ்டைப் பாதி பாதியாக வெட்டித் தேடும் முறை) எழுதினேன். சில எண்களுக்கு உடனே விடை வருகிறது, சில எண்களுக்குக் கணினி அப்படியே உறைந்துவிடுகிறது. 1000 எண்கள் உள்ள லிஸ்டில் எங்கே போய்த் தேடுவது?
— பாலிடெக்னிக் மாணவர், திண்டுக்கல்

பதில்: 1000-ஐ விடுங்கள், இரண்டு எண் போதும். உங்கள் நிரலின் மையம் இது:

தாழ் = 0
உயர் = நீளம்(பட்டியல்) - 1
@(தாழ் <= உயர்) வரை
    நடு = (தாழ் + உயர்) // 2
    @(பட்டியல்[நடு] == தேடல்) ஆனால் பின்கொடு நடு
    @(பட்டியல்[நடு] < தேடல்) ஆனால் தாழ் = நடு
    இல்லை உயர் = நடு
முடி
பின்கொடு -1

பட்டியல் [10, 20], தேடல் 20. தாள் எடுத்து எழுதுங்கள். முதல் சுற்று: தாழ் 0, உயர் 1, நடு 0. அங்கே இருப்பது 10, சின்னது, ஆகவே தாழ் = 0. இரண்டாவது சுற்று: தாழ் 0, உயர் 1, நடு 0. எதுவுமே நகரவில்லை. இனி எத்தனை சுற்று போனாலும் இதேதான். நடுவில் இருப்பதைப் பார்த்து "இது இல்லை" என்று முடிவு செய்த பிறகும் அதையே எல்லைக்குள் வைத்திருக்கிறீர்கள். தாழ் = நடு + 1, உயர் = நடு - 1 என்று மாற்றுங்கள். ஒரு பக்கத்தை மட்டும் மாற்றினாலும் தப்பாது: பட்டியல் [10], தேடல் 5 என்று கொடுத்தால் உயர் = நடு என்ற வரி 0-விலேயே சுற்றும்.

தேடல் நிரலுக்குச் சோதனை எழுதும்போது காலி லிஸ்ட், ஒன்று, இரண்டு உறுப்புகள் உள்ள லிஸ்ட், இவற்றில் முதல் உறுப்பு, கடைசி உறுப்பு, எல்லாவற்றையும்விடச் சின்னது, எல்லாவற்றையும்விடப் பெரியது என்று தேடிப் பாருங்கள். பிழை இருந்தால் அநேகமாக இதற்குள் அகப்படும். சரியாக எழுதினால் 1 லட்சம் உறுப்புகளில் அதிகபட்சம் 17 முறை பார்த்தால் போதும், 1 கோடியில் 24 முறை. லிஸ்ட் வரிசைப்படுத்தப்பட்டிருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்கக் கூடாது. கலைந்த லிஸ்டைக் கொடுத்தால் நிரல் புகார் சொல்லாமல் தவறான விடை தரும்.

நடுவைக் கண்டுபிடிக்கும் வரியிலும் ஒரு வரலாறு உண்டு. ஜாவாவின் சொந்த நூலகத்திலேயே தாழ், உயர் இரண்டையும் கூட்டி இரண்டால் வகுத்துத்தான் எழுதியிருந்தார்கள். ஜாவாவின் முழு எண் 2147483647-க்கு மேல் தாங்காது. அதைத் தாண்டினால் கழித்தல் எண்ணாகப் புரண்டுவிடும். நூறு கோடிக்கு மேல் உறுப்புகள் இருந்தால் கூட்டுத்தொகை அந்த எல்லையைத் தாண்டக்கூடும். அந்த நூலக நிரலை எழுதிய ஜோஷுவா பிளாக் 2006-இல் இந்தப் பிழையை வெளிப்படையாக எழுதி விளக்கினார். தாழ் + (உயர் - தாழ்) / 2 என்று எழுதினால் எல்லை தாண்டாது. பைதானின் முழு எண்ணுக்கு அப்படியொரு உச்சவரம்பு இல்லை, ஆனால் நாளை ஜாவாவிலோ சி-யிலோ எழுதப்போகிறீர்கள் என்றால் இப்போதே இந்தப் பழக்கம் வரட்டும்.


கேள்வி: பள்ளிக்கு மாணவர் சேர்க்கை நிரல் எழுதிக் கொடுத்தேன். 300 பெயர் ஒழுங்காக ஏறியது. டி'குரூஸ் என்ற பெயரில் மட்டும் எஸ்க்யூஎல் (டேட்டாபேஸுக்குக் கட்டளையிடும் மொழி) பிழை வருகிறது. பெயரிலிருந்து அந்தக் குறியை எடுத்துவிடச் சொல்லலாமா?
— வாசகர், தூத்துக்குடி

பதில்: கூடவே கூடாது. அது அவருடைய பெயர்; சான்றிதழில் எப்படி இருக்கிறதோ அப்படியே ஏற வேண்டும். திருந்த வேண்டியது நிரல்தான். நீங்கள் பெயரை எஸ்க்யூஎல் வரிக்குள் ஒட்டி எழுதியிருக்கிறீர்கள்:

கட்டளை = "சேர் மாணவர்(பெயர்) மதிப்பு('" + பெயர் + "')"

பெயர் உள்ளே போனதும் வரி இப்படி ஆகிறது: மதிப்பு('டி'குரூஸ்'). டேட்டாபேஸைப் பொறுத்தவரை பெயர் "டி" என்பதோடு முடிந்துவிட்டது. மீதியான குரூஸ் என்பதைக் கட்டளையாகப் படிக்கப் பார்த்துத் தடுமாறுகிறது. இதைவிடக் கவலைப்பட வேண்டியது வேறு. தடுமாறாத அளவுக்குச் சரியாக எழுதப்பட்ட கட்டளை ஒன்றை யாராவது பெயர்க் கட்டத்தில் தட்டினால், டேட்டாபேஸ் அதை நிறைவேற்றிவிடும். எஸ்க்யூஎல் இன்ஜெக்ஷன் என்பது இதுதான். மேற்கோள் குறியை நாமே இரட்டித்துச் சமாளிப்பதும் வேண்டாம், ஏதோ ஓர் இடத்தில் விட்டுப்போகும்.

கட்டளையையும் தரவையும் தனித்தனியாகக் கொடுங்கள்:

ஓட்டு("சேர் மாணவர்(பெயர்) மதிப்பு(?)", (பெயர்,))

கேள்விக்குறி இருக்கும் இடத்தில் பெயர் போய் உட்காரும், ஆனால் அதை யாரும் கட்டளையாகப் படிக்க மாட்டார்கள். எஸ்க்யூலைட்டில் கேள்விக்குறி, மைஎஸ்க்யூஎல், போஸ்ட்கிரஸ் இணைப்புத் தொகுப்புகளில் பெரும்பாலும் சதவீதக்குறியும் எஸ் எழுத்தும். அவற்றைச் சுற்றி மேற்கோள் போடாதீர்கள்.

(பெயர்,) என்பதில் உள்ள காற்புள்ளியைக் கவனியுங்கள். அதை விட்டுவிட்டால் பைதானுக்கு அது டியூபிள் (மதிப்புகளின் தொகுப்பு) இல்லை, வெறும் எழுத்துச்சரம். எஸ்க்யூலைட் அதைக் குறி குறியாகப் பிரித்து, "ஒரு மதிப்புதான் கேட்டேன், 9 கொடுத்திருக்கிறாய்" என்ற பொருளில் பிழை சொல்லும். அந்த 9 எங்கிருந்து வந்தது என்று பலரும் மண்டையை உடைத்துக்கொள்வதுண்டு. காரைக்குடி வாசகிக்குச் சொன்ன பதிலைப் பாருங்கள்: ட, கொக்கி, மேற்கோள், க, உகரம், ர, ஊகாரம், ஸ, புள்ளி. ஒன்பது குறி.

டேபிள் பெயர், அதன் நெடுவரிசை (column) பெயர் ஆகியவற்றைக் கேள்விக்குறியில் கொடுக்க முடியாது. எந்த நெடுவரிசையை வைத்து அடுக்குவது என்பதைப் பயனரிடம் கேட்டால், அனுமதித்த பெயர்களின் சிறு பட்டியல் ஒன்றை வைத்து, அதில் இருந்தால் மட்டும் ஏற்றுக்கொள்ளுங்கள்.


கேள்வி: போன மாதம் ஓடிய நிரல் இப்போது ஓடவில்லை. நடுவில் நூற்றுக்கணக்கான மாற்றம் செய்துவிட்டோம். எது கெடுத்தது என்று எப்படிக் கண்டுபிடிப்பது?
— இளம் நிரலாளர், கோவை

பதில்: மாற்றங்களைப் பதிந்து வைக்கும் கருவியான கிட்டில் ஒவ்வொரு மாற்றத்தையும் கமிட் செய்து, அதாவது பதிந்து, வந்திருந்தால் கவலை வேண்டாம். கிட் பைசெக்ட் என்ற கட்டளை, திண்டுக்கல் மாணவருக்கு விளக்கிய அதே பாதியாக வெட்டும் முறைதான். ஓடிய கமிட் ஒன்று, ஓடாத கமிட் ஒன்று என்று இரண்டைக் காட்டினால் அது நடுவில் உள்ளதை எடுத்து நிறுத்தும். நீங்கள் ஓட்டிப் பார்த்து நல்லது, கெட்டது என்று சொல்லச் சொல்ல எல்லை பாதி பாதியாகக் குறையும். 1000 கமிட் இருந்தாலும் சுமார் 10 சோதனையில் குற்றவாளி அகப்படும். முடிந்ததும் பைசெக்ட் ரீசெட் கொடுத்துப் பழைய இடத்துக்குத் திரும்புங்கள், பலரும் இதை மறந்து பழைய கமிட்டிலேயே வேலையைத் தொடர்கிறார்கள்.

இது வேலை செய்ய ஒரு கமிட் ஒரு மாற்றமாக இருக்க வேண்டும், ஒவ்வொரு கமிட்டும் ஓடுகிற நிலையில் இருக்க வேண்டும். "வெள்ளிக்கிழமை வேலை" என்று 40 கோப்புகளை ஒரே கமிட்டாகத் தள்ளியிருந்தால், பைசெக்ட் அந்தக் கமிட்டைக் காட்டிவிட்டு நின்றுவிடும். மீதித் தேடல் உங்கள் தலையில். செய்தியில் என்ன மாற்றினீர்கள் என்பதைவிட ஏன் மாற்றினீர்கள் என்று எழுதுங்கள். என்ன என்பது, பழையதையும் புதியதையும் ஒப்பிட்டுக் காட்டும் டிஃப்பிலேயே தெரியும். பாஸ்வேர்டை மட்டும் எக்காரணம் கொண்டும் கமிட் செய்யாதீர்கள். அடுத்த கமிட்டில் அழித்தாலும் வரலாற்றில் இருக்கும். தவறிப் போய் வெளியே தள்ளிவிட்டால் முதல் வேலை பாஸ்வேர்டை மாற்றுவது, வரலாற்றைத் திருத்துவது அதற்குப் பிறகு.


கேள்வி: பைதானில் மாறிகளுக்குத் தமிழிலேயே பெயர் வைக்கலாமா? என் மகள் அப்படித்தான் எழுதுவேன் என்கிறாள்.
— வாசகி, பாளையங்கோட்டை

பதில்: தாராளமாக வைக்கலாம். பைதான் 3 தொடக்கத்திலிருந்தே இதை ஏற்கிறது. விலை = 40 என்று எழுதினால் ஓடும். நிரலின் கட்டளைச் சொற்கள் ஆங்கிலத்தில்தான் இருக்கும். பெயர்களைத் தமிழில் வைப்பதால் எது மொழியின் சொல், எது தான் வைத்த பெயர் என்பது குழந்தைக்குப் பளிச்சென்று பிரிந்து தெரியும். கற்கும் காலத்தில் இது பெரிய உதவி. கீபோர்டை அடிக்கடி மாற்றித் தட்டுவதுதான் சலிப்பூட்டும்.

ஓர் இடத்தில் மட்டும் கவனம் தேவை. முன்னே சொன்ன "கொ" சிக்கலை மாறிப் பெயரில் பைதான் தானே சரிசெய்துகொள்கிறது: கொடி என்ற மாறியை எந்த வகையில் தட்டினாலும் அது ஒரே மாறி. ஆனால் அதே சொல்லை மேற்கோளுக்குள் வைத்து, டிக்ஷனரியின் சாவியாகப் பயன்படுத்தினால் இரண்டு தட்டலும் இரண்டு வேறு சாவிகள். ஜாவாஸ்கிரிப்ட்டோ மாறிப் பெயரிலும் ஒன்றாக்குவதில்லை. அங்கே கண்ணுக்கு ஒரே பெயர், உள்ளே இரண்டு மாறி. வீட்டில் இரண்டு கணினி இருந்தால் இரண்டிலும் ஒரே தமிழ்த் தட்டச்சு முறையை வைத்துக்கொடுங்கள்.